சென் பிரெண்டன் ஹோலுக்கு அடித்த வெள்ளை

ரெய்னர்ஸ் லேன்
2 மார்ச் 2025

திருமதி றஜீனா ஜெராட் அவர்களுக்கு,

ஒன்றரை வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் மகள் டிலக்சனாவின் கலியாண அழைப்பிதழ் நேற்று வந்தது. மணமகளைக் கைப்பிடித்து அழைத்து வருபவர் தாய்மாமன் திரு லெஸ்லி பஸ்தியாம்பிள்ளை என்று பொன் எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இடம், நம்மவர்கள் பூசை வைக்கும் ஃபாரஸ்ட் கேட் சென் பிரெண்டன் ஹோல். அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று நான் சொன்னபோது நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் பொழுதுபடுவதற்குள் கடல் கடந்து ஸ்கார்பரோ மச்சாள்மார் வரை போய்விடும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அந்த ஹோலை 1909இல் எழுப்பியவர்கள் மேயோவிலிருந்தும் கோர்க்கிலிருந்தும் வந்த ஐரிஷ் கூலிகள். துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் வேலை செய்துவிட்டு வந்து, மிஞ்சிய வெளிச்சத்தில் தங்களுக்கென்று கோவிலும் மண்டபமும் சேர்ந்த ஒன்றைக் கட்டினார்கள். ஒரு முனையில் பீடம், மறு முனையில் மேடை. இடுப்பளவு உயரத்துக்குத் தேன் நிறப் பைன் பலகை. அதற்கு மேலே சுவரைச் சுற்றிலும் ஐரிஷ் சின்னங்களான மூவிலையும் யாழும், சாந்தில் பிடித்தவை. பெரிய கலை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு யாழ் இன்னொன்றைப் போல இருக்காது. கொத்தன் கைக்கு வந்தபடி பிடித்தது. அதனால்தான் எனக்குப் பிடித்தது.

நான் டப்ளினில் படித்ததே இதைத்தான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நிமிர்ந்து நின்று இன்று இல்லாமல் போன ஐரிஷ் கட்டடங்கள். எரிக்கப்பட்ட மாளிகைகள், இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிய கன்னியர் மடங்கள், வரி கட்டாமல் தப்புவதற்காகச் சொந்தக்காரரே கூரையைக் கழற்றி மழைக்குக் கொடுத்த வீடுகள். பதினேழு வருடமாக இவற்றைப் பற்றி எழுதுகிறேன். எல்லாம் செத்தவை. சென் பிரெண்டன் ஒன்றுதான் என் கைக்கு உயிரோடு கிடைத்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு வாங்க மூன்று வருடம் அலைந்தேன். நான் எழுதும் அறிக்கைகளுக்குக் கீழே என்னைவிட இளையவர்கள் கையெழுத்துப் போடும் ஒரு கவுன்சில் அலுவலகத்தில், தலையைக் குனிந்து லீவு கேட்டு அலைந்தேன். கடைசியில் பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கும் ஒரு பெண் அதிகாரி வந்து பார்ப்பதற்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்திய கிழமை நான் டப்ளினில் நின்றேன். நீங்களும் உங்கள் கணவரும் பெருநாளுக்குக் கோவிலை ஆயத்தம் செய்வதுபோல ஹோலை ஆயத்தம் செய்தீர்கள். பைன் பலகைக்கு வெள்ளை. தரைக்குப் பிளாஸ்ரிக் விரிப்பு. பெயின்ற் ஒட்டவில்லை என்று மூவிலையையும் யாழையும் உளியால் தட்டி மட்டமாக்கினீர்கள். யாழ்ப்பாணத்தார் யாழைச் சுரண்டி எறிந்த கதையை நான் எங்கே போய்ச் சொல்வது? பழைய மரக் கூரையை மறைத்து ஒரு பொய்க்கூரை, அதில் நீல வெளிச்சம். அதிகாரி வந்திறங்கியதும் கழுத்துக்கு மாலை. தட்டில் றோல்ஸ், பற்றிஸ். அவர் சாப்பிட்டார், புகழ்ந்தார், போனார். பழைய அம்சம் எதுவும் எஞ்சவில்லை, பாதுகாப்பதற்கு ஒன்றுமில்லை என்று அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினார். அந்த அரைப் பக்கம் வந்த பிறகு காணியை விற்க யாருக்கும் தடை இருக்கவில்லை. வாங்கியவர்கள் ஜூனில் இடிக்கிறார்கள்.

நான் வரமாட்டேன். வேறு அட்டை அடியுங்கள்.

இப்படிக்கு,
லெஸ்லி பஸ்தியாம்பிள்ளை, எம்.எஸ்ஸி. (டப்ளின்)

*

ஃபாரஸ்ட் கேட்
11 மார்ச் 2025

தம்பி லெஸ்லி,

திருமதி எண்டு தொடங்கி எம்.எஸ்ஸி. எண்டு முடிச்சிருக்கிறாய். கவுன்சில் வரி கட்டேல்லை எண்டு வந்த கடிதமாக்கும் எண்டு முதல் நினைச்சன்.

நீ எழுதினதிலை பொய் ஒண்டும் இல்லை. வெள்ளை அடிச்சது உண்மை. சாந்தைத் தட்டினது உண்மை. றோல்ஸ் சுட்டது நான். ஆனா ஏன் செய்தனாங்கள் எண்டு நீ ஒரு நாளும் கேட்டதில்லை. டப்ளினுக்குப் போக முதல் நீதான் போன் எடுத்தனி. "அக்கா, ஒரு பெரிய ஆள் ஹோலைப் பார்க்க வாறா, எல்லாம் அதிலைதான் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாய். பெரிய ஆள் வந்தா நாங்கள் என்ன செய்வம்? ஆயர் வந்தா என்ன செய்தனாங்கள்? புதுப் பங்குச் சாமியார் வந்தா என்ன செய்தனாங்கள்? வாற ஆளுக்கு உரிஞ்ச சுவரையும் கறுத்த பலகையையும் காட்டினா அது எங்களுக்குத்தானே குறை. பழசைப் பழசாக் காட்டோணும் எண்டு எங்களிலை ஆருக்குத் தெரியும்? உன்ர ரிப்போர்ட் சாமியின்ர மேசையிலை கிடந்தது, இங்கிலிசிலை. ஒரு ஞாயிறு பூசை முடிய அஞ்சு நிமிசம் எழும்பி நிண்டு தமிழிலை சொல்லியிருந்தா ஒருத்தரும் பிரஷைத் தொட்டிருக்க மாட்டினம். நீ சொல்லேல்லை. எங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சனி.

அத்தான் வெயார்ஹவுஸ் ஷிப்ட் முடிஞ்சு நேரே ஹோலுக்குத்தான் வந்தவர். அந்தக் கிழமை முழுக்க அவர் நித்திரை கொண்டது பஸ்ஸிலைதான். "பெடியன் இதுக்காக நாயா அலைஞ்சவன், அவன்ர மானம் போகக்கூடாது" எண்டு சொல்லிச் சொல்லிச் சீலிங் அடிச்சவர். அவருக்கு அது ஐரிஷ்காரன்ர ஹோலும் இல்லை, எங்கட ஹோலும் இல்லை. உன்ர ஹோல்.

பிறகு பங்குக் கூட்டத்திலை நீ என்ன சொன்னனி? அத்தனை பேருக்கு முன்னாலை அவரைப் பார்த்து, "குண்டு போட்டவனும் கொஞ்சம் மிச்சம் விட்டவன்" எண்டு சொன்னனி. குண்டிலை வீட்டையும் தாயையும் குடுத்த மனுசனைப் பார்த்து. அண்டைக்கு வீட்டை வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழட்டேல்லை. மூண்டு மாதத்திலை நெஞ்சு நிண்டுபோச்சு. அதுக்கு நீ காரணம் எண்டு நான் சொல்லேல்லை, டொக்டரும் சொல்லேல்லை. ஆனா செத்தவீட்டுக்கு வந்து, பின் வரிசை வாங்கிலை நிண்டு, குழிக்கு ஒரு பிடி மண் போடாமல் போனதை நான் மறக்கமாட்டன்.

நீ ஐரிஷ்காரருக்காக அழுறாய். பூசைக்கு வாற மிஸிஸ் கொனொலியைத் தெரியும்தானே. அவவின்ர தாத்தா அந்த ஹோலுக்குப் பலகை அடிச்ச ஆள். அவ சொல்லுறா, சின்ன வயசிலை இருந்து அதுக்குள்ளை குளிராலை விறைச்சதாம், நாங்கள் சீலிங் அடிச்ச பிறகுதான் கோட்டைக் கழட்டிப்போட்டு இருந்தவவாம். உன்ர ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னன். "உங்கட தம்பி என்ர தாத்தாவைவிடப் பெரிய ஐரிஷ்காரன்" எண்டு சொல்லிச் சிரிச்சவ.

வேறை அட்டை அடிக்க ஏலாது. அவளுக்கு அப்பா இல்லை. வேறை மாமனும் இல்லை.

அக்கா

*

ரெய்னர்ஸ் லேன்
20 மார்ச் 2025

அக்காவுக்கு,

சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. டொக்டர் வந்து பார்க்கும்போது நோயாளிக்குப் பவுடர் பூசி விடாதேயுங்கள் என்று யாராவது வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டா போவார்கள்?

மிஸிஸ் கொனொலிக்குக் குளிர்ந்தது என்பது ஹோலை அழிப்பதற்குக் காரணம் ஆகாது. ஹீற்றர் என்று ஒன்று இருக்கிறது.

செத்தவீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று மட்டும் சபதத்தை மீறி உள்ளே வந்தேன். பெட்டியை வைத்திருந்தது அந்த நீல வெளிச்சத்துக்குக் கீழே. நிமிர்ந்தால் கூரை, குனிந்தால் அத்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் பின்வரிசை வாங்கில் நின்றேன். இடுகாட்டில் மண் போடும் வரிசையில் நான் நின்றது உங்களுக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம், "உவர்தான் அண்டைக்குக் கதைச்சவர்" என்று சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை. நான் வரிசையை விட்டு விலகினேன். விலகாமல் நின்றிருந்தால் அதையும் ஒரு குற்றமாக எழுதியிருப்பீர்கள்.

இந்த நாட்களில் வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போக முடிவதில்லை. ரயிலில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், வேறெங்கோ இறங்கி நடக்கிறேன். எந்தத் தெருவுக்குப் போனாலும் எதையோ இடித்துக்கொண்டிருக்கிறார்கள், பலகை அடித்து மறைத்துவிட்டு. போன கிழமை லூயிஷாமில் ஒரு பலகைக்கு முன்னால் நின்று, உள்ளே என்ன இருந்தது என்று காவலாளியைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

டிலக்சனாவிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கலியாணத்தை வேறு எந்தக் கோவிலில் வைத்தாலும் வருகிறேன். அந்த ஹோலுக்கு வரச் சொல்லாதேயுங்கள்.

லெஸ்லி

*

ஃபாரஸ்ட் கேட்
2 ஏப்ரல் 2025

தம்பி,

வேறை கோவில் இல்லை. அவள்தான் பிடிவாதமா நிக்கிறாள். "அப்பா கடைசியாச் செய்த வேலை அது, இடிக்க முதல் நான் அதுக்குக் கீழை நிக்கோணும்" எண்டு சொல்லுறாள். இதை உனக்கு எழுதவேண்டாம் எண்டவள். நான் எழுதிறன்.

இன்னொண்டு. நீ எழுதின கட்டுரை ஒண்டை இன்ரநெற்றிலை தேடி எடுத்து, குசினியிலை வைச்சு எனக்கு ஒவ்வொரு வரியாத் தமிழிலை சொன்னாள். அயர்லாந்திலை ஒரு பெரிய மாளிகை எரிஞ்ச பிறகு, பக்கத்து ஊர்ச் சனம் இரவோட இரவா வந்து கதவு, யன்னல், தரைப் பலகை எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டில் அடிச்ச கதை. அதுக்கு அடியிலை நீ எழுதியிருக்கிறாய், "இந்தச் சனங்களை நாசகாரர் என்பவர்கள் இவர்களின் குளிரை அறியாதவர்கள்" எண்டு. டிலக்சனா அந்த வரியை இரண்டு தரம் சொன்னாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தனான். கத்தியை வைச்சிட்டன்.

கண்டு கேட்டறியாத ஐரிஷ்காரன்ர குளிர் உனக்கு விளங்குது. அவன் ஏன் கழட்டினான் எண்டு விளங்குது. நல்ல வடிவா எழுதியும் இருக்கிறாய். ஐரிஷ்காரனுக்குக் குடுத்ததிலை காவாசி உன்ர அத்தானுக்குக் குடுக்க ஏலாதோ?

இனி நான் கெஞ்சமாட்டன். வாறதெண்டா கடிதத்துக்குக் கீழை தம்பி எண்டு எழுதி அனுப்பு. வாறதில்லையெண்டா உன்ர பட்டத்தோட அனுப்பு. நான் மேலை ஒண்டையும் வாசிக்கமாட்டன். அடியைப் பார்த்து விளங்கிக்கொள்ளுவன். வாசிச்சு வாசிச்சு எனக்குப் பிறஷர் கூடிப்போச்சு.

அக்கா

*

ரெய்னர்ஸ் லேன்
12 மே 2025

அக்கா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத நாலைந்து தரம் உட்கார்ந்தேன். அந்தக் கட்டுரை வேறு, இது வேறு என்று ஒவ்வொரு தரமும் தொடங்கினேன். அது ஆராய்ச்சி, அதில் வருகிறவர்கள் எப்போதோ செத்துப்போனவர்கள், செத்தவர்களிடம் கோபிப்பதில் அர்த்தமில்லை என்று எழுதினேன். அந்த இடத்துக்கு வந்ததும் பேனையை வைத்துவிட வேண்டியிருந்தது. அத்தானும் செத்தவர்தானே என்று நீங்கள் திருப்பி எழுதுவீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் அது அங்கே இருந்தது.

போன சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்தேன். வரவேண்டுமென்று வீட்டிலிருந்து புறப்படவில்லை. இறங்கியபோது அங்கே நின்றேன், அவ்வளவுதான். ஹோலுக்கு எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் மழைக்கு ஒதுங்கி நின்று பார்த்தேன். வாசலில் இடிக்கும் கொம்பனியின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பலகை இன்னும் அடிக்கவில்லை. உங்களுக்கு டிலக்சனா இதைச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டேன். மேசை எத்தனை கொள்ளும் என்று அளக்க வந்தவள், தெருவைக் கடந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, மூண்டு பஸ் போயிட்டுது. நீங்கள் ஒண்டிலும் ஏறேல்லை."

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தனான்."

"ஓம், சனிக்கிழமை மழைக்குள்ளை கவுன்சில் வேலை. வாங்கோ உள்ளை."

"நான் அந்த வாசலை..."

"தெரியும், தெரியும். சபதம். பக்கத்துக் கதவாலை வாங்கோ. அம்மாவும் இல்லை, பயப்பிடாதேங்கோ."

பக்கத்துக் கதவால் போனேன். சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

உள்ளே எல்லாம் வெள்ளை. எது எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னாள். ரிப்போர்ட்டில் எழுதியதையெல்லாம் முதல் தரமாகத் தமிழில் சொன்னேன். இதில் பைன் பலகை, இதில் மூவிலை, இந்தக் கம்பத்துக்கு மேலே வயிறு பெருத்த ஒரு யாழ், கொத்தன் அன்று குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டி இப்படிக் கதைக்கிற ஆளை யாரும் கண்டால் மனநிலை சரியில்லாதவன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மடு மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, "மாமா, இதுக்குப் பின்னாலை பாருங்கோ" என்றாள். பீடத்தின் ஓரமாகத் தலையை நுழைத்துப் பார்த்தேன். சொரூபத்துக்குப் பின்னால், மாதாவின் தோள் அகலத்துக்கு, பழைய சுவர் அப்படியே இருக்கிறது. தேன் நிறப் பலகை. அதற்கு மேலே ஒரு யாழ். நரம்பு நாலும் முழுசாக.

"ஏன் இதை விட்டவை?" என்று கேட்டேன்.

"அப்பாவும் மற்ற ஆக்களும் மாதாவைத் தூக்கப் பார்த்தவை. ஆர் முதல் கை வைக்கிறது எண்டு ஆளையாள் பார்த்துக்கொண்டு நிண்டவை. 'சாமியார் இல்லாமல் தொடக்கூடாது, அப்பிடியே விடுங்கோ, மாதாவுக்குப் பின்னாலை ஆர் பார்க்கப்போயினம்' எண்டு அப்பா சொன்னவர். அந்தப் பெரிய மனுசியும் பார்க்கேல்லைத்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு இன்னொரு தரம் தலையை நுழைத்துப் பார்த்தேன். அழிந்த கட்டடங்களைப் பதினேழு வருடமாகப் பார்க்கிறவன் நான். பகைவன் எரித்தது தெரியும், ஏழை கழற்றியது தெரியும், பணக்காரன் வரிக்குப் பயந்து உடைத்தது தெரியும். மரியாதையில் அழித்ததை நான் எங்கும் படித்ததில்லை. அந்த ஒரு முழச் சுவரைத் தொடாமல் விட்டதும் அதே மரியாதைதான். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கோபிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த யாழைக் கழற்றித் தரட்டுமா என்று டிலக்சனா கேட்டாள். வேண்டாம் என்றேன். கலியாணத்தன்று அது அங்கேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் போகிற வழியில் போகட்டும்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதேயுங்கள். அந்தப் பொய்க்கூரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மாலை போட்டதும் பிடிக்கவில்லை. ஹோல் இடிபடுகிறது, இடிபட்டிருக்கத் தேவையில்லை, இதை நான் சாகும்வரை சொல்வேன். ஐந்து நிமிடம் எழும்பி நின்று தமிழில் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் எழுதியதும் கூடவே கிடந்து குடைகிறது. கூட்டத்தில் சொன்னதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. அவளோடு உள்ளே நடந்து வரும்போது, அவர் அடித்த கூரைக்குக் கீழே வந்ததும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பேன். என்ன சொல்ல வேண்டுமோ அதை அங்கே சொல்லிக்கொள்கிறேன். நீல வெளிச்சத்தை அணைக்கச் சொல்லி எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். அணைக்கவேண்டாம். எரியட்டும்.

இந்தத் தரம் முன்வாசலால்தான் வருவேன். றோல்ஸ் சாப்பிடமாட்டேன்.

அடியைப் பார்த்தே விளங்கிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். பட்டத்தைப் போட வெட்கமாக இருக்கிறது. தம்பி என்று போட இன்னும் கை வரவில்லை, அத்தானுக்கு அதைச் சொன்ன வாய் என்னுடையதுதானே. பிறஷர் கூடினாலும் பரவாயில்லை, மேலே இருப்பது முழுவதையும் நீங்கள் வாசிக்கத்தான் வேண்டும். என் பெயர் உங்கள் அட்டையில் பொன் எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இதற்குக் கீழே எதுவும் எழுதாமல், இப்படியே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன்.